கிடக்கும் மரத்துக்கே மின்சார ரம்பம்

கிராமங்களில் மரம் வெட்டுவது என்றால் கோடரி, அரிவாள், இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கும் பெரிய ரம்பம் என்றிருந்த காலம் போய்விட்டது. வேப்பங்கிளை ஒன்று கூரைமேல் சாய்ந்தாலும், வரப்போரத்தில் சீமைக்கருவேலம் மண்டிவிட்டாலும், இப்போது முதலில் தேடப்படுவது சங்கிலி ரம்பம்தான். அதிலும் பெட்ரோல் ரம்பத்தைவிட மின்சார ரம்பம் விலை குறைவு, எடையும் குறைவு. கயிற்றை இழுத்து இழுத்து ஓட்ட வேண்டிய தொல்லை இல்லை. பிளக்கை மாட்டி சுவிட்சை அழுத்தினால் ஓடுகிறது. இரண்டு ஆள் அரை நாள் பாடுபட்டு அறுக்கும் விறகை ஒருவரே ஒரு மணி நேரத்தில் துண்டு போட்டுவிடலாம். ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட நிலையில் சிறு விவசாயி இதை நாடுவதைக் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த ரம்பம் விறகோடு நிற்பதில்லை. முதல் வாரம் விறகு. இரண்டாம் வாரம் கொல்லையில் நிற்கும் முருங்கை. அடுத்த மாதம் வரப்போரத் தேக்கு. அப்புறம் ஏணி போட்டு ஏறி புளியங்கிளை. பிளக்கும் சுவிட்சும் உள்ள பொருள் என்பதால் மிக்சி, கிரைண்டர் வரிசையில் வைத்து நினைக்கும் வழக்கம் வந்துவிட்டது. மின்சார ரம்பம் தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போட ஏற்ற கருவி. நிற்கும் மரத்தைச் சாய்க்க, அதிலும் பழக்கமில்லாத கையில், அது ஏற்ற கருவி அல்ல. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை. கேட்டு வாங்குகிறவர்களும் குறைவு.

சத்தமில்லாத அபாயம்

பெட்ரோல் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தால் ஊருக்கே கேட்கும். அறுக்காமல் சும்மா பிடித்திருந்தாலும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும். அருகில் இருப்பவர் தாமாகவே விலகி நிற்பார். மின்சார ரம்பமோ, கையை எடுத்தவுடன் பொம்மை போல அமைதியாகிவிடும். ஆனால் வயரில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கிறது. சங்கிலியில் சிக்கிய நாரை விரலால் எடுக்கும்போது மற்றக் கை சுவிட்சில் பட்டால் போதும். சங்கிலி விநாடிக்குச் சுமார் 12 முதல் 15 மீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். விரலை இழுத்துக்கொள்ள அவகாசம் ஏது? எனவே சங்கிலியைத் தொடுவதாக இருந்தால், இறுக்குவதற்கானாலும் துடைப்பதற்கானாலும், முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்ச் போர்டில் அணைத்தால் போதாது. வீட்டில் இன்னொருவர் வேறு எதற்கோ அதே சுவிட்சைப் போட்டுவிடுவது அன்றாடம் நடப்பதுதான்.

இன்னோர் அபாயம் ரம்பத்தின் மூக்கில் இருக்கிறது. சங்கிலி ஓடும் நீண்ட தகட்டைக் கடைகளில் ‘பார்’ என்கிறார்கள். அந்தப் பாரின் நுனியில் மேல் பாதி ஏதாவது கட்டையிலோ கிளையிலோ பட்டுவிட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கித் துள்ளிப் பிடித்திருப்பவரின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். பலசாலியானாலும் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. இடது கைப் பெருவிரலை முன்பிடியைச் சுற்றி வளைத்துப் பிடிப்பது, நுனியால் ஒருபோதும் அறுக்காமல் இருப்பது, முகத்துக்கு நேராக ரம்பத்தை வைத்துக்கொள்ளாமல் உடலைச் சற்று இடப்புறம் ஒதுக்கி நிற்பது ஆகிய மூன்றும்தான் காப்பு. முன்பிடிக்கு முன்னால் உள்ள கைத்தடுப்பை முன்புறம் தள்ளினால் சங்கிலி அந்த நொடியே நிற்க வேண்டும். இதற்குச் சங்கிலி பிரேக் என்று பெயர். விலை மலிவான சில ரம்பங்களில் கைத்தடுப்பு இருக்கிறது, பிரேக் இருப்பதில்லை. கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்து வாங்க வேண்டும். காட்டத் தயங்கும் கடையில் அதை வாங்காமல் திரும்பி வருவது உத்தமம்.

வயரில் உள்ள வினை

இவ்வகை ரம்பங்கள் பெரும்பாலும் 2000 வாட் அளவில் வருகின்றன. 230 வோல்ட் மின்சாரத்தில் இது ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் உள்ள 6 ஆம்பியர் பிளக் இதற்குத் தாங்காது. மோட்டார், கிரைண்டருக்கு உள்ள 16 ஆம்பியர் பிளக் வேண்டும். கொல்லையில் மரம், வீட்டில் பிளக் என்றால் நீள வயர் தேவைப்படும். இங்கேதான் சிக்கனம் தலைகாட்டுகிறது. கல்யாணப் பந்தலில் சீரியல் விளக்குக்கு வைத்திருந்த மெல்லிய வயரை ஒட்டுப்போட்டு இழுத்துக்கொண்டு போவார்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் வயரில் 50 மீட்டர் இழுத்தால் 20 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். கிராமத்தில் ஏற்கெனவே குறைவாக வரும் மின்சாரத்தில் இதுவும் குறைந்தால் ரம்பம் திணறும், மோட்டார் சூடேறும். திணறும் ரம்பத்தை அழுத்தித் தள்ளுகிறவர் கால் இடறும். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியுள்ள, மேலே தடித்த ரப்பர் உறை போட்ட வயரை 30 மீட்டருக்கு மிகாமல், ஒட்டு இல்லாமல், சுருளை முழுவதும் பிரித்துப்போட்டுப் பயன்படுத்த வேண்டும். சுருட்டியபடியே வைத்தால் உள்ளுக்குள் சூடேறி உறை உருகிவிடும்.

அந்த வயர் எப்போதும் அறுப்பவரின் முதுகுப்புறம் இருக்க வேண்டும். தன் வயரைத் தானே அறுத்துக்கொள்ளக்கூடிய கருவி இது. அப்படி அறுபட்டாலோ, உறை கிழிந்த இடத்தில் ஈரப் புல்லில் வெறுங்கால் பட்டாலோ உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம். வீட்டில் இது இல்லாதவர்கள் ரம்பம் வாங்குவதற்கு முன் இதைப் பொருத்திக்கொள்ள வேண்டும். ரம்பத்தைப் பின்னால் வாங்கினாலும் குடிமுழுகிப் போகாது.

வயலில் பம்புசெட் அறையிலிருந்து ஒரு பேஸும் எர்த்தும் சேர்த்து இழுத்து ரம்பத்தை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பம்புசெட்டுக்கென்று தரப்பட்ட இலவச மின்சாரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது விதிமீறல் என்பது ஒருபுறம் இருக்க, எர்த் கம்பியை நியூட்ரலாக உபயோகித்தால் அந்த எர்த்தோடு சேர்ந்த குழாயும் மோட்டாரும் தொட்டவரை அடிக்கும். மழை தூறும்போதும், பனி காயாத காலையிலும் வயர் ரம்பத்தை வெளியே எடுக்கவே கூடாது.

நிற்கும் மரம்

மரம் சாய்ப்பதில் தேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது மரத்தை அல்ல; தாங்கள் ஓட வேண்டிய வழியைத்தான். மரம் விழும் திசைக்கு நேர் பின்னே நிற்கக் கூடாது. அடிமரம் பின்னுக்கு உதைக்கும். பின்பக்கமாக இடமும் வலமும் சாய்வாக இரண்டு வழிகளில் செடி, கல், கட்டை எதுவும் இல்லாமல் சுத்தம் செய்துவைப்பார்கள். மரம் முனகியதும் ரம்பத்தை அப்படியே விட்டுவிட்டு அந்த வழியில் விலகுவார்கள். வயரோடு கூடிய ரம்பம் வைத்திருப்பவருக்கு அந்த வழியின் நடுவில்தான் வயர் கிடக்கிறது. கால் சிக்கினால் மரம் காத்திருக்காது. மின்சார ரம்பம் நிற்கும் மரத்துக்கு ஆகாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒரு சாண் பருமன் முருங்கையைக்கூட அறுக்கக் கூடாதா என்று கேட்கலாம். அறுக்கலாம், நிபந்தனைகளோடு. மரம் நேராக நிற்க வேண்டும். உள்ளே பொந்து இருக்கக் கூடாது. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்கு ஆள், மாடு, கூரை, மின்கம்பி எதுவும் இருக்கக் கூடாது. 20 சென்டிமீட்டர் பருமனுள்ள மரமானால், விழ வேண்டிய பக்கத்தில் முதலில் 4 அல்லது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வாய் பிளந்தாற்போல் ஓர் ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து, அந்த வாயின் அடிமட்டத்துக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே, படுக்கை வாட்டத்தில் அறுத்துவர வேண்டும். நடுவில் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டையை அறுக்காமல் விட்டுவிட வேண்டும். அந்தப் பட்டைதான் கதவுக்குக் கீல் போல மரத்தைப் பிடித்துத் திசை மாறாமல் மெல்லச் சாய்க்கிறது. அவசரப்பட்டு அதையும் அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரம்பம் கடித்துக்கொண்டால் அறுத்த இடைவெளியில் மர ஆப்பு அடித்து விடுவிக்க வேண்டும்; இரும்பு ஆப்பில் சங்கிலி பட்டால் பல் தெறிக்கும். ஆப்பசைத்த குரங்கின் கதை தெரிந்தவர்கள், ஆப்பை எடுக்கிற அவசரத்தில் கையை இடுக்கில் வைக்கமாட்டார்கள்.

இதற்கு மேற்பட்ட பருமனோ, ஒரு பக்கம் சாய்ந்த மரமோ ஆனால் பழகியவர்களிடம் விட்டுவிடுவதுதான் முறை. சாய்ந்த மரம் பாதி அறுபடும்போதே செங்குத்தாகப் பிளந்து, பிளந்த பாதி அறுப்பவரின் நெஞ்சுக்கு நேராக உதைத்து எழும். மின்கம்பியைத் தொடும் கிளையானால் மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தச் செய்த பிறகே அரிவாளானாலும் எடுக்க வேண்டும்.

தென்னை விஷயம் தனி. தோப்பில் காய்ப்பு நின்ற மரத்தை எடுக்க, மரமேறுகிறவர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ரம்பத்தை மேலே இழுத்து, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துத் தள்ளுவது பல ஊர்களில் வாடிக்கை. பக்கத்தில் வீடு இருந்தால் வேறு வழி இல்லை என்பது உண்மையே. ஆனால் மேலே ஒரு கை மரத்தையும் ஒரு கை ரம்பத்தையும் பிடித்திருக்கும் நிலையில் ரம்பம் துள்ளினால் அவரையே அறுக்கும். இல்லாவிட்டால் அவர் தொங்கும் கயிற்றை அறுக்கும். தன் வீட்டு ரம்பத்தைக் கொடுத்து, “இதை வைத்து முடித்துக் கொடப்பா” என்று ஏற்றிவிடும் தோப்புக்காரர் கூலியில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கிறார். கீழே விழுகிறவருக்குப் பெரும்பாலும் சொந்த நிலம்கூட இருக்காது. மேலே ஏறி அறுப்பவர்கள் அதற்கென்றே உள்ள இடுப்புப் பட்டையும் இரண்டு கயிறும் தம்மிடம் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துத்தான் வேலை கொடுக்க வேண்டும். விபத்தில் உயிரிழந்தாலும் கை கால் இழந்தாலும் உதவி தரும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று விசாரிப்பதும் தோப்புக்காரருக்கு அழகு.

புயலில் விழுந்த மரம்

கிடக்கும் மரம் என்றதும் அலட்சியம் வந்துவிடக் கூடாது. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தது. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைப் பாய் விரித்தாற்போல் கிடத்தியது. அப்போது பல ஊர்களில் மின்சாரம் திரும்பி வரவே வாரக் கணக்கில் ஆயிற்று. வயர் ரம்பம் புயல் நேரத்துக்கு உதவாத பொருள் என்பது அங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மின்சாரம் வந்த பிறகும் வேரோடு சாய்ந்த மரத்தில் கவனம் வேண்டும். மா, பலா, தேக்கு போன்றவை சாயும்போது வேரும் மண்ணும் சேர்ந்து சுவர் போல எழுந்து நிற்கும். அடிமரத்தை அறுத்த மாத்திரத்தில் பாரம் விட்டுப்போய் அந்த வேர்ச்சுவர் மறுபடி குழிக்குள் அமர்ந்துவிடும், அல்லது இந்தப் பக்கம் சாய்ந்துவிடும். குழிக்குள் விளையாடும் பிள்ளை இருந்தால் என்ன ஆகும்? வேருக்கு அருகில் அறுக்காமல் இரண்டு மூன்று மீட்டர் அடிமரத்தை விட்டே அறுக்க வேண்டும். வேரை எடுக்க ஜே.சி.பி. வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

கிடக்கும் கட்டை எங்கே தாங்கி நிற்கிறது என்று பார்த்துத்தான் ரம்பத்தை வைக்க வேண்டும். இரு முனையும் மேட்டில் அமர்ந்து நடுப்பகுதி தொங்கினால், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு மிச்சத்தைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நீண்டிருந்தால் முதல் வெட்டு கீழே, பிறகு மேலே. மாற்றிச் செய்தால் ரம்பம் கடிபடும், கட்டை பிளக்கும். சீமைக்கருவேலத்தில் இதைவிடத் தொல்லை. 2017-ம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி அதை ஊர் ஊராக அகற்றியபோது பலருக்கும் தெரியவந்திருக்கும். ஒரே வேரிலிருந்து பல கிளைகள் வளைந்து வில் போல விறைத்து நிற்கும். வளைவின் வெளிப்பக்கத்தில் ஒரே வெட்டாக அறுத்தால் கிளை முள்ளோடு முகத்தில் அறையும். உட்பக்கத்தில் சிறிது சிறிதாகக் கீறி விறைப்பைத் தளர்த்திக்கொண்டு பிறகு அறுக்க வேண்டும். கரிமூட்டத்துக்கு வெட்டுகிறவர்கள் நுனியிலிருந்து அடிக்கு வருவதன் காரணம் இதுவே.

கிரைண்டரில் மாட்டும் பார்

அண்மைக் காலத்தில் சந்தையில் ஒரு விபரீதப் பொருள் வந்திருக்கிறது. டைல்ஸ் வேலைக்கும் இரும்பு வேலைக்கும் உள்ள ஆங்கிள் கிரைண்டரில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சங்கிலிப் பாரை மாட்டிக்கொள்ளலாம் என்று விற்கிறார்கள். கிரைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று சுற்றுவதற்குச் செய்யப்பட்டது. அதில் சங்கிலி பிரேக் கிடையாது, பின்கைக்குத் தடுப்பு கிடையாது. பல கிரைண்டர்களில் சுவிட்சைத் தள்ளிவிட்டால் கையை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருக்கும். கை நழுவிக் கீழே விழுந்தாலும் காலடியில் சங்கிலி ஓடும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இதை வாங்கக் கூடாது. இது விற்பனைக்கு வருவதே தவறு. தடை செய்யப்பட வேண்டிய பொருள். பாட்டரியில் ஓடும் ஒற்றைக்கைச் சின்ன ரம்பங்களும் வருகின்றன. வயர் இல்லை என்ற வசதி உண்மை. ஆனால் வலக்கையில் ரம்பம், இடக்கையில் கிளை என்று பிடித்து அறுக்கும்போது வெட்டுப்படுவது இடக்கையாகத்தான் இருக்கும்.

ஐந்து வீட்டுக்கு ஒன்று

வேட்டி, கைலி, தோள் துண்டு, முந்தானை எல்லாமே சங்கிலி இழுத்துக்கொள்ளும் பொருள்கள். முழுக்கால் சட்டையும், விரல் மூடிய கனமான பூட்சும், கண்ணுக்குக் கண்ணாடியும், தலைக்குக் கெட்டித் தொப்பியும் இல்லாமல் ரம்பத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். தொடைக்குக் கட்டும் தனி உறை உண்டு. சங்கிலி பட்டதும் அதிலுள்ள இழை பிரிந்து சங்கிலியைச் சிக்கவைக்கும். மின்சார மோட்டார் இழுவையை எளிதில் விடாது என்பதால் அதை முழுக்க நம்பியிருக்கவும் கூடாது. இவையெல்லாம் சேர்ந்தால் ரம்பத்தின் விலையைத் தாண்டினாலும் தாண்டும். அந்தச் செலவைப் பார்த்துத்தான் பெரும்பாலோர் ரம்பத்தை மட்டும் வாங்கி வருகிறார்கள்.

ஒரு சிறு விவசாயிக்கு ஆண்டில் ஏழெட்டு நாள்தான் ரம்ப வேலை. மற்ற நாளெல்லாம் அது பரணில் கிடக்கிறது. ஐந்தாறு வீட்டார் சேர்ந்து பிரேக் உள்ள நல்ல ரம்பம் ஒன்றும், ஒரு செட் பாதுகாப்பு உடையும், தடித்த வயரும் வாங்கி, கருத்துள்ள ஒருவரை மட்டும் அதை ஓட்டப் பழக்கினால் செலவும் குறையும், ஊனமும் குறையும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கங்கள் ரம்பத்தையும் உடையையும் சேர்த்தே வாடகைக்குக் கொடுக்க முன்வரலாம்; உடை இல்லாமல் ரம்பம் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லலாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர் ஓட்டுவதற்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இதற்கும் காட்டி, வட்டாரந்தோறும் ஒரு நாள் செய்முறை விளக்கம் நடத்தினால் நல்லது.

எந்த ரம்பமானாலும் எல்லா மரத்தையும் வெட்டிவிட முடியாது என்பதும் நினைவிருக்கட்டும். பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. மலைப்பகுதிகளுக்கு 1955-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

கடைசியாக, சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை. கூரான சங்கிலி செதிலாக வெட்டித் தள்ளும். தூளாக மாவு போல வந்தால் பல் மழுங்கிவிட்டது என்று பொருள். மழுங்கிய ரம்பத்தைத்தான் மனிதர்கள் அழுத்தித் தள்ளுகிறார்கள், அப்போதுதான் வழுக்குகிறது. தென்னையின் வெளிவட்டம் கடினம் என்பதால் இரண்டு மூன்று மரம் அறுப்பதற்குள்ளாகவே பல் போய்விடும். சிறிய சங்கிலிகளுக்குப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் வட்ட அரம் பொருந்தும். ரம்பத்தோடு வரும் கையேட்டில் அளவு இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் உள்ளிருந்து வெளியே அராவ வேண்டும். சங்கிலியை நடுவில் பிடித்துத் தூக்கினால் சற்றே எழ வேண்டும், ஆனால் அடிப்பல் பள்ளத்தை விட்டு வெளியே வரக் கூடாது. புதுச் சங்கிலி முதல் அரை மணியிலேயே தளரும். எண்ணெய்த் தொட்டியில் பழைய டிராக்டர் ஆயிலை ஊற்றுவது வேண்டாம். அதிலுள்ள கசடு எண்ணெய் வரும் துளையை அடைத்துவிடும். வேலை முடிந்ததும் பாருக்கு உறை போட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு, வயரைச் சுருட்டும்போது உறை எங்காவது கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே சுருட்ட வேண்டும்.